புதுப்பிப்பு: சூனியக்காரி பாதையைப் புதிய பதிப்பில் விளையாடிய பிறகு

நம் தேர்வுக்கேற்பக் கதை வெவ்வேறு பாதைகளாகப் பிரியும், படித்து விளையாடும் இந்த விஷுவல் நாவலைப் பற்றிப் போன பதிவில் இரண்டு குறை சொல்லியிருந்தேன். சூனியக்காரி மூன்றாம் அத்தியாயத்தில் திடீரென மனம் மாறுவது ஒட்டவில்லை. நம் மீது அவளுக்குள்ள நம்பிக்கையைக் கணக்கிடும் புள்ளி ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியவில்லை.

கதை இப்போது நன்றாகத் தேறிவிட்டது. பாலத்துக் காட்சியில் மோதிரத்தைக் கொடுத்தால் அவள் நன்றி சொல்வதில்லை. விரலில் போட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் கழற்றிப் பைக்குள் வைக்கிறாள். அந்த ஒரு வரி போதும், பின்னால் அவள் கோட்டைக் கதவைத் திறப்பதை மனம் ஏற்றுக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

புள்ளியை இன்னும் எண்ணாகக் காட்டவில்லை. அதுவே நல்லது, எண் தெரிந்தால் ஆளை விட்டுவிட்டுக் கணக்கைத்தான் பார்ப்போம். அதைக் காட்டும் முகபாவ மாற்றம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

தீராதது ஸ்கிப், அதாவது ஏற்கெனவே படித்த வசனங்களை வேகமாகத் தாண்டும் வசதி. இரண்டாவது பாதையில் ஏற்கெனவே படித்த சந்தைக் காட்சியிலேயே நின்றுவிடுகிறது. விஷுவல் நாவல் உருவாக்கும் மென்பொருளான ரென்பையில் (Ren'Py) ஒரே வசனத்தை இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டாவதைப் படிக்காததாகவே எடுத்துக்கொள்ளும். பொதுக் காட்சியை ஒரே லேபிளில் (பெயரிட்ட பகுதியில்) வைத்து இரு பாதைகளிலிருந்தும் அழைத்தால் சரியாகிவிடும். உருவாக்குநருக்கும் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.