2 வயது 4 மாதம், பேச்சு வரவில்லை: சேலத்தில் முழு மதிப்பீடு எங்கே?

ஏற்காட்டில் இருக்கிறோம். மகன் சொல்வது 'அம்மா', 'தா', 'பூ' மட்டும். 18 மாதத்தில் சொன்ன இரண்டு சொற்கள் நின்றுவிட்டன, அதுதான் பெரிய கவலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துக்கு மூன்று முறை திரும்புகிறான். வேண்டியதை விரலால் காட்டமாட்டான், நம் கையைப் பிடித்து இழுத்துப் போவான். நடை, ஓட்டம், சாப்பாடு சரி. 37 வாரத்தில் பிறந்தான், 2.7 கிலோ, உடனே அழுதான்.

ஓஏஇ என்ற கேட்டல் பரிசோதனை இரண்டு காதிலும் பாஸ். அது உட்காதை மட்டும்தான் பார்க்கும், நரம்பு வழியைப் பார்க்காது. அதனால் பெரா (குழந்தை தூங்கும்போது நரம்பு வழியைப் பார்க்கும் கேட்டல் பரிசோதனை) எடுக்கப் போனோம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் வண்டியிலேயே தூங்கி முடித்துவிடுகிறான். அங்கே தூங்கவில்லை, பரிசோதனை பாதியில் நின்றது. ஆட்டிசம் அறிகுறிகளைக் கேட்கும் எம்-சாட் மதிப்பெண் 9. 8 அல்லது அதற்கு மேல் வந்தாலே நேரடி மதிப்பீடு வேண்டும்; அது வடிகட்டும் கேள்வித்தாள்தான், நோயறிதல் இல்லை. டிவி, செல்போன் நிறுத்தி மூன்று மாதம்: கண் பார்ப்பது கூடியது, சொல் கூடவில்லை. ஆறு வாரமாகப் பேச்சுப் பயிற்சியும் போகிறது. "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்று ஒரு மருத்துவர் சொன்னதை நம்பியதில் நான்கு மாதம் போய்விட்டது.

வளர்ச்சிநிலை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் மூவரும் பார்த்து எழுத்தில் அறிக்கை தருவது சேலத்தில் எங்கே: அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலா, தனியாரிடமா?