அக்காவுக்காகக் கேட்கிறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஏற்காட்டுல இருக்கிற எங்க அக்காவுக்கு நுரையீரல் தமனியில ரத்த அழுத்தம். சாதாரண பிரஷர் இல்லைங்க இது. நுரையீரல் ரத்தக்குழாயோட சுவர் தடிச்சு, இதயத்தோட வலப்பக்கம் திணறுது. வாசல்ல நாலு படி ஏறினாலே கம்பியைப் பிடிச்சு நின்னுடறாங்க, உதடு நீலமாயிடுது. மலையில ஆக்சிஜன் குறைவுன்னு சேலத்துக்கே கூட்டிட்டு வந்துட்டோம்.

இப்போ சில்டெனாஃபில் சாப்பிடறாங்க. அது குழாயை விரிச்சுவிடும், அவ்வளவுதான். 2024 மார்ச்சுல அமெரிக்காவுல அனுமதிச்ச சோட்டாடெர்செப்ட், 3 வாரத்துக்கு ஒரு ஊசி, தடிச்ச சுவரையே குறிவைக்குது. இந்த மாதிரி புது மருந்து ஆய்வுல சேர சென்னை, வேலூர், கோவை பக்கம் யாராவது முயற்சி பண்ணியிருக்கீங்களா? இதயத்துக்குள்ள மெல்லிய குழாய் விட்டு அழுத்தம் அளந்த பழைய கதீட்டர் ரிப்போர்ட்டை ஏத்துக்குவாங்களா? ராத்திரி எந்நேரம் பதில் போட்டாலும் பார்ப்பேன்.