ஹாப்ஸ் ‘பைன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பதற்கான கையேட்டைத் தமிழாக்குகையில் ஒரு சொல் இடறுகிறது. ஹாப்ஸ் கொடியை ஆங்கிலத்தில் ‘வைன்’ (vine) என்பதில்லை, ‘பைன்’ (bine) என்பார்கள். தமிழில் எழுதினால் முன்னது மதுக்கடைக்கும் பின்னது மலைக்காட்டுக்கும் இழுத்துப் போகிறது. பெண்செடியில் காய்ப்பதையும் கூம்பு என்றே சொல்வதால் ‘பைன் கூம்பு’ என்று எழுதினால் ஊசியிலை மரம்தான் கண்முன் நிற்கும். தாவரவியலில் ஏற்கெனவே உள்ள ‘பின்னுகொடி’ போதுமா?

———

> ‘பின்னுகொடி’ போதுமா?

போதாது என்பது என் கருத்து. பாகலும் புடலும் பற்றுக்கம்பி நீட்டிப் பிடிக்கும். மிளகு கணுவேரால் ஒட்டும். அவரை தண்டாலேயே சுற்றும், ஹாப்ஸும் அப்படித்தான். ஆனால் ஹாப்ஸ் தண்டின் விளிம்புகளில் கொக்கி போன்ற முரட்டு மயிர் உண்டு. ஏறும்போது கயிற்றில் மாட்டிக்கொள்வது அதுதான். மூங்கிலிலும் நெல்லிலும் கையை அரிக்க வைப்பதை நாம் சுணை என்கிறோமே, அதே வகை. ஆகவே ‘சுணைக்கொடி’.

இந்தப் பெயர் வளர்ப்பவருக்கும் உதவும். வழவழப்பான நைலான் கயிற்றில் சுணைக்குப் பிடிப்பில்லை; கூம்பு கனத்ததும் ஒரு மழைக்காற்றில் கொடி மொத்தமும் சரிந்து அடியில் குவியும். தென்னை நார்க்கயிறு சொரசொரப்பானது. அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஹாப்ஸுக்குக் கட்டும் நார்க்கயிறு இலங்கையிலிருந்தும் போகிறது. 5 முதல் 6 மீட்டர் உயரத்துக்குக் கட்டுங்கள். வசந்தத்தில் முதலில் விறுவிறுவென்று வரும் உள்துளைத் தளிர்களை வெட்டிவிட்டு, அடுத்து வருவனவற்றில் கயிற்றுக்கு இரண்டு மூன்றை மட்டும் விடவேண்டும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுற்றிவிடவும். எதிர்த்திசையில் சுற்றினால் தானே அவிழ்ந்து தொங்கும். காலையில் தளிர் விறைப்பாக இருக்கும், நுனி முறியும். வெயில் ஏறியபின் சுற்றுவது நல்லது. முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். ஏன் என்று பெயரே சொல்லிவிடும்.

———

சுணைக்கொடிக்கு என் ஒப்புதல், ஒரு திருத்தத்தோடு. ஆங்கிலத்தில் அவரையையும் ‘பைன்’ கணக்கில் சேர்ப்பார்கள். அதற்குச் சுணைக்கொடி பொருந்தாது. பொது வகைக்குப் பின்னுகொடி, ஹாப்ஸுக்குச் சுணைக்கொடி என்று பிரித்துக் குறிப்பிடுவோம்.

கையேட்டில் இன்னொரு சிக்கல் கூம்பின் நடுவே ஓடும் அச்சு. ‘சக்கை’ என்று வரைவில் இருக்கிறது. மக்காச்சோளத்துக்குச் சரி, ஆனால் பீர் வடிப்பில் சாறு இறங்கிய தானியமும் சக்கைதான். இரண்டும் ஒரே கையேட்டில் குழம்பும். ‘நடுக்காம்பு’ என்றால் தெளிவு.

இந்தச் சொல் தெளிவாக இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் உலர்த்தும் பக்குவமே அதில்தான் இருக்கிறது. பறித்த கூம்பில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீர். அதை 8 முதல் 10 விழுக்காட்டுக்கு இறக்கவேண்டும்: 100 கிராம் பச்சைக் கூம்பு 22 கிராம் அளவுக்கு வந்தால் சரி. மேலிதழ்கள் சீக்கிரமே காகிதம்போல் சலசலக்கும். அதை நம்பிப் பொட்டலம் கட்டினால் நடுக்காம்பின் ஈரம் இதழுக்குத் திரும்பிப் பூஞ்சணம் பிடிக்கும். கூம்பை வளைத்தால் நடுக்காம்பு ‘படக்’கென்று ஒடியவேண்டும், மடங்கக் கூடாது. அவசரப்பட்டுச் சூட்டை 60 பாகைக்கு மேல் ஏற்றினால் மணம் தரும் எண்ணெய் பறந்துவிடும். உலர்ந்ததைக் காற்றுப் புகாத பையில் உறைபெட்டியில் வைக்கவும். காற்றுப்பட்டுப் பழசானது பழம் பாலாடைக்கட்டிபோல் நாறும். வீட்டுக் கூம்பில் கசப்பு அமிலம் எவ்வளவு என்று ஆய்வுக்கூடம் இல்லாமல் தெரியாது. கசப்புக்குக் கடைச்சரக்கு, பீர் காய்ச்சும் கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் மணத்துக்கு வீட்டுச்சரக்கு என்று எழுதுவதே நேர்மை.

முன்னுரையில் ஒரு வரி சேருங்கள்: சென்னை மொட்டைமாடிக்கு இது ஆகாது. செடி குளிர்காலத்தில் உறங்கவேண்டும், கோடையில் நீண்ட பகல் வேண்டும். இந்தியாவில் இது விளைவது இமாசலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில்.

———

இரண்டையும் ஏற்கிறேன். ‘பின்னுகொடி’, ‘சுணைக்கொடி’ பிரிப்பை அருஞ்சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. “குளிர்காலத்தில் கிரீடத்தை மூடாக்கால் மூடவும்” என்று வரைவில் இருக்கிறது. படிப்பவர் அரண்மனையைத் தேடுவார். மண்மட்டத்தில் தளிர்கள் கிளம்பும் அந்தக் கட்டையைக் கரும்பு விவசாயி ‘தூர்’ என்பார். 10 முதல் 15 சென்டிமீட்டர் நீள மட்டநிலத்தண்டை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடையாக நட்டால் அது தூர்கட்ட ஓராண்டு ஆகும். நல்ல காய்ப்பு மூன்றாம் ஆண்டில். மறுப்பு இல்லையென்றால் ‘தூர்’ என்றே மாற்றிவிடுகிறேன்.