கலைச்சொல்: நூற்புறுப்பா, இழைக்காம்பா?

> சிலந்தியின் இழை விடும் உறுப்புக்கு (spinneret) "நூற்புறுப்பு" என்றே வைத்துவிடலாம். கேட்டவுடன் விளங்குகிறது.

ஐயா, வணக்கம்.

விளங்குவதுதான் சிக்கல், தவறாக விளங்குகிறது. நூற்பது என்றால் பஞ்சைத் திரித்து முறுக்குவது. சிலந்திக்கு ஏது பஞ்சு? வயிற்றுச் சுரப்பிகளில் நீர்மமாக இருக்கும் புரதம், வெளியே இழுக்கப்படும்போதே இறுகி இழையாகிறது. "இழைச்சுரப்பி" என்ற மாற்றும் பொருந்தாது. சுரப்பி உள்ளே இருப்பது, நாம் பெயர் தேடுவது வெளியே துருத்தி நிற்பதற்கு.

பட்டாம்பூச்சிப் புழுவின் இழை விடும் உறுப்பையும் ஆங்கிலத்தில் spinneret என்றே சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் புழு, சிலந்தி இரண்டையும் அருகருகே பார்த்தேன். காமன் மார்மன் பட்டாம்பூச்சியின் புழு, கூட்டுப்புழுவாக மாறுமுன் தண்டில் சிறு இழைமெத்தை அமைத்துப் பின்புறத்தை அதில் பற்றவைத்தது. பிறகு தலையை இடமும் வலமுமாக வளைத்து வளைத்து, மரமேறியின் கயிறு போல முதுகைச் சுற்றி ஓர் இழைவாரைப் போட்டுக்கொண்டது. இழை வந்தது கீழுதட்டிலிருந்து. ஒரு முழம் தள்ளி ஆர்ஜியோப்பி சிலந்தி, வலை நடுவே பெருக்கல் குறியிட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு இழை வருவது வயிற்றின் கடைசியில், விரல்நுனி போன்ற மூன்று இணை உறுப்புகளிலிருந்து.

பூவிலும் மடியிலும் துருத்தி நிற்பதைக் காம்பு என்கிறோம். ஆகவே "இழைக்காம்பு" என முன்மொழிகிறேன். பரிணாமத் தோற்றத்தில் தொடர்பற்ற உறுப்புகளுக்கு ஒரே சொல்லா என்று கேட்பீர்கள். காக்கைக்கும் தும்பிக்கும் இறக்கை என்றுதானே சொல்கிறோம்? வேறுபடுத்த வேண்டிய இடத்தில் உதட்டு இழைக்காம்பு, வயிற்று இழைக்காம்பு எனலாம்.

சிலந்தியின் ஒவ்வொரு காம்பிலும் இருக்கும் நுண்குழாய்களுக்கு, கெண்டி மூக்கை நினைத்து, "இழைமூக்கு" என்று வைக்கலாமா?

---

> நூற்பது என்றால் பஞ்சைத் திரித்து முறுக்குவது.

நூலாம்படை என்று வீட்டில் சொல்கிறோமே, அதில் நூல் இல்லையா? இருந்தாலும் வழக்குச்சொல் வேறு, கலைச்சொல் வேறு என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். இழைக்காம்பு எனக்குச் சம்மதம்.

இழைமூக்கு வேண்டாம். உதட்டருகே இழை விடும் புழுவைப் படித்த மாணவன், மூக்கு என்றதும் சிலந்தியின் முகத்தில்தான் தேடுவான். "இழைக்குழல்" போதும்.