பூனை பற்றி ஒரு பத்தி தேவை

வணக்கம். பூனையை வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் வெவ்வேறு காரியம் சாதிப்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒப்பிட வேண்டும். அதற்கான பாடம் தயாரிக்கிறேன். இரண்டு பகுதிகள் கையில் இருக்கின்றன.

கம்பர் தம் இராமாயணத்தின் அவையடக்கத்தில், அதாவது புலவர் தம்மைத் தாழ்த்திச் சொல்லும் தொடக்கப் பகுதியில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் காட்டுகிறார். கடலின் பேரோசையை முதலில் கேட்கவைத்து, பிறகு ஒரு பூனையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பணிவு தானாக வந்துவிடுகிறது. என்ன அழகான அடுக்கு!

வைணவத்தின் ஒரு பிரிவான தென்கலையின் மார்ஜார நியாயத்திலோ (பூனை உவமை) தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்கிறது. குட்டி எதுவும் செய்வதில்லை. சரணடைந்தவனை இறைவனே சுமப்பான் என்பதுதான் வாதம். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை அருகில் வைப்பதால்தான் அது அத்தனை கூர்மையாகப் பதிகிறது.

மூன்றாவதாக, தகவல் மட்டும் சொல்லும் பத்தி வேண்டும். மீசை மயிரின் வேரில் உள்ள நரம்புகள், இருட்டில் விரியும் கண்மணி போன்ற செய்திகளுடன் ஐந்தாறு வரி போதும். அறிவியல் எழுதும் நண்பர்கள் தந்து உதவுங்கள்.

ஆசிரியர்களிடம் இன்னொன்று: எழுதியவரின் நோக்கம் என்ன என்று கேட்டால், "பூனையைப் பற்றிச் சொல்வது" என்றே பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்கள் கவனத்தை உத்தியின் பக்கம் திருப்பும் கேள்வியை எப்படி அமைக்கலாம்?