செம்பு பாய்லருக்கு எந்த கேஸ் டார்ச்? கை டார்ச்சில் சூடு ஏறவே மாட்டேன் என்கிறது

சின்னலேத்து:
ஆவி இயந்திர மாடல் உதிரிகளை 55 சதவீதம் வெள்ளி கலந்த சில்வர் சால்டர் (உருகி மூட்டை ஒட்டும் உலோகம்) கம்பியில் பற்றவைக்கிறேன். கையில் இருப்பது சின்ன கேனில் திருகும் டார்ச். 6 மி.மீ. பித்தளை நிப்பிள், யூனியன் போன்ற குழாய் இணைப்புகள் எல்லாம் சுலபமாக முடிகிறது. இப்போது 75 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளம், 1.6 மி.மீ. தகட்டில் செம்பு பாய்லர். மூடித் தகட்டில் பத்து நிமிஷம் சுடரைப் பிடித்தும் மங்கல் சிவப்புகூட வரவில்லை. ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்டுவதற்காக மூட்டில் பூசும் பசை) கறுத்துவிடுகிறது, கம்பி உருண்டையாகத் திரண்டு கீழே விழுகிறது. மேப் கேஸ் (புரொப்பேனைவிடச் சற்றுச் சூடாக எரியும் வாயு) கேன், ஆக்சிஜன் செட், பெரிய புரொப்பேன் டார்ச், இதில் எது?

தணல்மேடை:
உங்கள் சுடரின் வெப்பநிலையில் குறை இல்லை, வெப்பத்தின் அளவுதான் போதவில்லை. காற்றோடு எரியும் புரொப்பேன் சுடர் 1900 டிகிரிக்கு மேல். உங்கள் கம்பி உருகுவதோ 630–660 டிகிரியில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த உடலும் இரண்டு மூடிகளும் சேர்ந்து சுமார் 0.6 கிலோ செம்பு. 650 டிகிரிக்கு ஏற்ற 160 கிலோஜூல் போதும். 2 கிலோவாட் டார்ச்சின் வெப்பம் முழுவதும் உள்ளே போனால் ஒன்றரை நிமிஷ வேலை. ஆனால் பெரும்பகுதி செம்பைத் தடவிக்கொண்டு வெளியே ஓடிவிடும். கறுத்த செம்பு அந்தச் சூட்டில் கதிர்வீச்சாக மட்டுமே ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழக்கும். வரவும் செலவும் சமமாகிவிட்டால் அங்கேயே நிற்கும். ஒரு மணி நேரம் ஊதினாலும் ஏறாது.

மேப் கேனும் அதே சின்ன நாசில்தான், பெரிய மாற்றம் இருக்காது. ஆக்சிஜன் செட், அதாவது ஆக்சி-அசிட்டிலீன், இந்த வேலைக்குப் புதியவருக்கு வேண்டாம். செம்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தினாலும், அந்தச் சுடர் மிகச் சூடாக ஒரே புள்ளியில் குவிவதால், சுடர் படும் இடம் உருகும் நிலைக்குப் போகும்போது நான்கு விரல் தள்ளி ஃப்ளக்ஸ்கூட இளகியிருக்காது.

பர்னர் மாற்றக்கூடிய கைப்பிடி ஒன்று வாங்குங்கள். இரண்டு பர்னர் போதும்: உதிரிகளுக்கு 7–8 கிலோவாட், பாய்லருக்கு 25 கிலோவாட் அளவில். கூடவே 2 பார் தரும் உயர் அழுத்த ரெகுலேட்டர், புரொப்பேனுக்கான ஹோஸ், ஹோஸ் அறுந்தால் தானே மூடும் வால்வு.

25 கிலோவாட் பர்னர் மணிக்கு சுமார் 2 கிலோ வாயு குடிக்கும். சின்ன சிலிண்டரில் திரவம் அந்த வேகத்தில் ஆவியாகாது. வெளிப்புறம் பனி படியும், பாதி வேலையில் சுடர் சோரும். பெரிய சிலிண்டராக வாங்குங்கள். பியூட்டேன் வேண்டாம், அது 0 டிகிரியை ஒட்டியே கொதிப்பது. புரொப்பேன் மைனஸ் 42.

வெங்காரம்:
மேலே சொன்னது சரி, ஆனா டார்ச்சுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி மேடையைச் சரி பண்ணுங்க. கனமான தீச்செங்கல் மேல வேலை பாக்கறீங்கன்னா பாதிச் சூட்டை அதுவே குடிச்சிடும். கையில எடுத்தா பஞ்சு மாதிரி லேசா இருக்கிற இன்சுலேஷன் செங்கல் வாங்கி, மூணு பக்கம் சுவர், அடியில ஒண்ணு, பாய்லரைச் சுத்தி செராமிக் கம்பளினு அடைச்சு விடுங்க. பற்றவைக்கிற இடம் மட்டும் வெளியே தெரியணும். கம்பளியைக் கையாளும்போது மாஸ்க் போட்டுக்கோங்க.

கம்பி உருண்டையாத் திரளுதுன்னா சுடர்ல கம்பியை உருக்குறீங்கன்னு அர்த்தம். செம்புதான் கம்பியை உருக்கணும். முதல்ல மூட்டுக்குத் தள்ளி, மொத்த உடலையும் சுத்திச் சுத்திச் சூடாக்குங்க. ஃப்ளக்ஸ் வெள்ளையா உப்பி, அப்புறம் தண்ணி மாதிரி தெளிஞ்சா 600 டிகிரி பக்கம் வந்தாச்சு. சுடரை ஒதுக்கிக் கம்பியால தொட்டுப் பாருங்க. சால்டர் எப்பவும் சூடான பக்கம்தான் ஓடும், அதனால மூட்டுக்கு மறுபக்கம் சுடரைக் காட்டினா உள்ளே இழுத்துக்கும். இடைவெளி 0.05–0.15 மி.மீ. இருக்கணும், அகலமா விட்டா நிரம்பாது, இறுக்கி அடிச்சா நுழையாது.

ஃப்ளக்ஸ் கறுத்துக் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுன்னா அதுக்கு உயிர் போயாச்சு. மேல மேல பூசாதீங்க, ஆறவிட்டு சிட்ரிக் அமிலத்துல ஊறவெச்சு முதல்லேர்ந்து ஆரம்பிங்க. இரும்புக் கட்டுக்கம்பியை அமிலத்துல போடுறதுக்கு முன்னாடி எடுத்துடணும், இல்லேன்னா பித்தளை மேலெல்லாம் செம்பு படிஞ்சு ரோஸ் கலராயிடும்.

சின்னலேத்து:
நன்றி. சமையல் சிலிண்டரின் ரெகுலேட்டரையே பயன்படுத்தலாமா? உள்ளே ஃபயர்பாக்ஸில் (பாய்லருக்குள் நெருப்பு எரியும் அறை) குழாய்களுக்கும் இதே பர்னர் போதுமா?

தணல்மேடை:
கூடாது. அடுப்பு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் தருவது. இதற்கு அதைப்போல அறுபது, எழுபது மடங்கு வேண்டும். பர்னர் இருமி அணையும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வையுங்கள், சாய்த்தால் திரவமே ஹோஸுக்குள் வரும். ஒவ்வொரு இணைப்பையும் சோப்புத் தண்ணீரால் சோதியுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், நிலவறை வேண்டாம்.

ஃபயர்பாக்ஸ் கேள்வி முக்கியமானது. சாதாரண பர்னர் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் உறிஞ்சுகிறது. குழிக்குள் நுழைத்தால் தன் புகையையே உறிஞ்சி அணைந்துவிடும். அங்கே சுழல் சுடர் பர்னர் வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்தே குழாய்த் தகட்டைச் சூடாக்குங்கள். முதல் மூட்டுகளுக்கு 40 சதவீதக் கம்பி (650–710 டிகிரி), கடைசி மூட்டுகளுக்கு 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பழைய மூட்டு கழன்று வராது.

வெங்காரம்:
இன்னொண்ணு. கடைசி மூடியைப் பற்றவைக்கும்போது ஒரு புஷ்ஷாவது (குழாய் திருகுற வளையம்) திறந்திருக்கணும். எல்லாத்தையும் அடைச்சுட்டுச் சூடாக்கினா உள்ளே இருக்கிற காற்று விரிஞ்சு சால்டரை வெளியே ஊதித் தள்ளும், ஈரம் இருந்தா வெடிக்கவே செய்யும். பழைய கம்பி எதையாவது எடுத்தீங்கன்னா அதுல காட்மியம் இருக்கான்னு பாருங்க. இருந்தா தொடாதீங்க, அந்தப் புகை விஷம்.