மேற்குச் சுவருக்கு என்ன கொடி வைக்கலாம்?

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு நாங்குநேரிப் பக்கம். செம்மண், கொஞ்சம் உப்பான போர்த் தண்ணீர். மேற்குச் சுவர் ராத்திரி வரை சூடு கக்குகிறது. அதில் ஒரு பூக்கொடியைப் படரவிட ஆசை.

காகிதப்பூ இந்த வெயிலுக்கு அசராது, தண்ணீரைக் குறைத்தால்தான் நன்றாகப் பூக்கும். ஆனால் அம்மாவுக்கு வாசனை வேண்டும். பிச்சி வைத்தோம், சித்திரை வெயிலில் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அப்புறம் நன்றாகச் சிவக்கும் ரங்கூன் மல்லிதான் இப்போது மனதில் நிற்கிறது. எவ்வளவு அழகு அது!

உப்புத் தண்ணீரை அது தாங்குமா? ஆனி, ஆடிக் காற்றில் பிய்ந்துபோகாமல் இருக்க, கம்பிவலையைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம்? வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். பதியன் இருந்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.